உலகக் கோப்பைக் கால்பந்தைக் காண நேரில் செல்வது செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுமா?

2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையின்போது மாஸ்கோவில் ஐந்து நாட்கள் தங்கி, ஒரே ஒரு ஆட்டத்தை அரங்கில் பார்த்தவன் நான். ஜூன் 26 அன்று லூஷ்னிக்கி அரங்கில் பிரான்ஸும் டென்மார்க்கும் ஆடிய ஆட்டம் அது. அந்தத் தொடரின் 64 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழாமல் முடிந்தது அது ஒன்றுதான். அப்படிப்பட்ட நானே தகும் என்றுதான் சொல்வேன்; ஆனால் டிக்கெட் எடுப்பதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

அணிகளின் பெயரைப் பார்த்து வாங்கினேனே தவிர, அது குழுச் சுற்றின் கடைசி ஆட்டம் என்பதை யோசிக்கவில்லை. அதற்குள் பிரான்ஸ் இரண்டு வெற்றிகளோடு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டிருந்தது. டென்மார்க்குக்கோ சமநிலையே போதும். 1982இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், குழுவின் மற்ற ஆட்டம் முன்பே முடிந்து கணக்கு தெரிந்துவிட்டதால், இருவருக்குமே வசதியான 1-0 கணக்கில் பந்தை உருட்டிப் பொழுதைக் கழித்ததால்தான், 1986 முதல் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். எங்கள் விஷயத்தில் அந்த ஏற்பாடே எதிராக வேலை செய்தது. அதே நேரத்தில் சோச்சி நகரில் நடந்த எங்கள் குழுவின் மற்ற ஆட்டத்தில் பெரு அணி ஆஸ்திரேலியாவை முந்திவிட்டது என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியதும், டென்மார்க் தோற்றாலும் தேறிவிடும் என்ற நிலை வந்தது. பிரான்ஸ் வழக்கமான ஆட்டக்காரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்திருந்தது. கடைசிப் பத்து நிமிடங்களில் பந்து பின்களத்திலேயே சுற்றிச் சுற்றி வர, அரங்கம் முழுவதும் சீழ்க்கையடித்துக் கேலி செய்தது. குழுச் சுற்றுக்கு மட்டுமே டிக்கெட் கிடைக்குமானால், இரண்டாவது ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அன்று உயிரைக் கொடுத்து ஆடும்.

மற்றபடி அந்த நகரத்தில் அலைச்சல் நான் பயந்த அளவுக்கு இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் பதிவு செய்து பெறும் ரசிகர் அட்டையே விசாவுக்குப் பதிலாகச் செல்லும் என்று ரஷ்யா அறிவித்திருந்தது. புகைப்படம் பதித்த அந்த அட்டையை விமானத்திலிருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறும் வரை கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. தங்குமிடம் அரங்கத்துக்கு அருகில் இருக்க வேண்டியதில்லை, அரங்கத்துக்கு நேராகப் போகும் மெட்ரோப் பாதையில் இருந்தால் போதும். லூஷ்னிக்கிக்கு அருகிலுள்ள ஸ்போர்த்திவ்னயா நிலையம், நகர மையத்துக்குச் செல்லும் சிவப்புப் பாதையில் இருக்கிறது. ரஷ்ய எழுத்து தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: மாஸ்கோ மெட்ரோவில் மையத்தை நோக்கிச் செல்லும் ரயில்களில் ஆண் குரலும், மையத்தை விட்டு விலகும் ரயில்களில் பெண் குரலும் நிலையங்களை அறிவிக்கும். மேலாளர் வேலைக்கு அழைக்கிறார், மனைவி வீட்டுக்கு அழைக்கிறாள் என்று உள்ளூர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வார்களாம். வட்டப் பாதையில் மட்டும் இந்தக் கணக்கு வேறு.

ஆட்டம் முடிந்து, இருபுறமும் காவலர்கள் வரிசையாக நின்ற பாதையில் ஆயிரக்கணக்கானவர்களோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து ரயிலேறி, லுபியான்கா நிலையத்தில் இறங்கி நிக்கோல்ஸ்கயா தெருவுக்குள் நுழைந்தேன். செஞ்சதுக்கம் வரை நீளும் அந்தத் தெருதான் அந்த மாதம் எல்லா நாட்டு ரசிகர்களுக்கும் முற்றமாக இருந்தது. ஜூன் மாதத்து வெளிச்சம் ஒன்பது மணியாகியும் அடங்கவில்லை. அங்கே சிவப்பு, வெள்ளைச் சட்டையணிந்த பெரு நாட்டவர்கள் மேளம் கொட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அணி ஏற்கெனவே வெளியேறிவிட்டது; ஆனால் அன்று 2-0 என்று வென்றது, 1978க்குப் பிறகு உலகக் கோப்பையில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி. ஒரு முதியவர் என் கழுத்திலிருந்த அட்டையைச் சுட்டி, எந்த ஆட்டம் என்று சைகையில் கேட்டார். அரங்கம் இருந்த திசையைக் காட்டிவிட்டு, இரண்டு கைவிரல்களையும் வளைத்து இரண்டு பூஜ்யங்களைக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தம்முடைய இரண்டு விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டி, என்னையும் இழுத்து ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.