மறைக்கச் சோறு எங்கே இருந்தது?

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பிளேக் வந்தபோது நகர சபைகள் தணிக்கை போட்டுச் செய்தியை அமுக்கிவிட்டனவாமே? டாக்டர்கள் பறவை அலகு முகமூடியோடு தெருத்தெருவாகப் போன படத்தையும் பார்த்தேன்.

பதில்: பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முதலில் சோறு வேண்டும். அச்சில் செய்தித்தாள் என்று ஒன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்கியதே 1605இல்தான். அதுவரை பிளேக் சேதி பெரும்பாலும் போனது வியாபாரியின் கடிதத்திலும் வண்டிக்காரன் வாயிலும்.

தணிக்கை இல்லாமல் இல்லை. அச்சிட்டவர் பெயரும் ஊரும் இல்லாமல் எதுவும் வரக்கூடாதென்று 1530இல் ஆக்ஸ்பர்க்கில் கூடிய பேரரசு மன்றம் விதித்தது. அதன் குறி மதச் சண்டையும் அவதூறும். பிளேக் கையேடுகளுக்குக் குறைவில்லை. உல்ம் நகர மருத்துவர் ஸ்டைன்ஹோவலின் ஜெர்மன் கையேடு 1473இலேயே அச்சாகிவிட்டது. வோர்ம்ஸ் நகரில் பேரரசர் 1521இல் போட்ட ஆணை யாருடைய எழுத்தைத் தடைசெய்ததோ அந்த மதச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதரே, 1527இல் விட்டன்பர்க்கில் பிளேக் பரவியபோது எழுதினார்: வீட்டுக்குப் புகை போடு, மருந்து சாப்பிடு, வேலையில்லாத இடத்துக்குப் போகாதே, நோயை மறைத்து ஊருக்குள் திரிகிறவன் கொலைகாரன், அவனைத் தூக்குக்காரனிடம் கொடு.

கவனியுங்கள், மறைப்பவன் என்று அவர் திட்டுவது நோயாளியை. நோய் கண்ட வீட்டை அடைத்தால் தறி நிற்கும், கூலி நிற்கும். 'வெறும் காய்ச்சல்தான்' என்று குடும்பம் சாதிக்காமல் என்ன செய்யும்? சபைக்கும் அதே பயம் பெரிய அளவில் இருந்தது. ஊர்ப் பெயர் கெட்டால், 'இங்கே பிளேக் இல்லை' என்று அந்த ஊர் முத்திரை குத்திய சுகச்சான்றை அடுத்த ஊர்க் கோட்டை வாசலில் வாங்கமாட்டார்கள். சரக்கு வெளியிலேயே நிற்கும். அதனால் 'பிளேக்' என்ற சொல்லை வாயிலிருந்து வரவிடாமல் இழுத்தடிப்பது உண்டு. அதற்குப் பெயர் தணிக்கை அல்ல, தாமதம்.

கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய காலம் அது; கிருமி அகப்பட்டது 1894இல், ஹாங்காங்கில். அந்தக் கிருமியைப் பரப்பும் எலித் தெள்ளு இருக்கும் வீட்டிலேயே நலமாக இருந்தவர்களையும் சேர்த்து அடைத்தார்கள். செத்தவரின் துணியையும் படுக்கையையும் விற்கக்கூடாது என்றதோ, காரணம் தப்பானாலும், பலித்தது. தெள்ளு ஒளிந்திருந்தது அதில்தானே.

அலகுப் படம்? நியூரம்பர்க்கில் 1656இல் பால் ஃபூர்ஸ்ட் வெளியிட்ட பகடித் தாள். கோலின் நுனியில் சிறகு முளைத்த மணற்கடிகை, பின்னால் அலறியோடும் பிள்ளைகள் எல்லாம் பார்த்திருப்பீர்கள். தலைப்பைப் படித்தீர்களா? 'ரோமாபுரி டாக்டர் அலகு.' வேறு ஊர்க்காரரைக் கிண்டலடித்த படம் ஐயா அது.