தையல் பிரித்த பிறகும் வாய் திறக்கவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பத்து நாள் முன்பு சைக்கிளிலிருந்து குப்புற விழுந்து முகவாய் கிழிந்து தையல் போட்டோம். முன்பல் ஒன்று ஆடியதால் பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முறிவு ஏதும் இல்லை என்றார்கள். தையலும் பிரித்தாயிற்று. ஆனால் வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை, திறந்தால் தாடை வலப்பக்கம் இழுக்கிறது. போகப்போகச் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள் அம்மா, உடனே ஒரு வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். ஆடுகிற பல்லுக்கு வழக்கமாக எடுப்பது வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம்தான். மூன்று நான்கு பல், அவற்றின் வேர், சுற்றியுள்ள கொஞ்சம் எலும்பு, அவ்வளவுதான் அதில் தெரியும். வேர் உடைந்திருக்கிறதா என்று பார்க்க அது சரியான படம், எடுத்தவர் மேல் குறை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு தாடை முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

கீழ்த்தாடை குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரே எலும்பு, அதன் இரண்டு முனையும் காதுக்கு முன்னால் மண்டையோட்டோடு மூட்டாகச் சேர்கின்றன. முகவாயில் விழும் அடியின் வேகம் எலும்பு வழியாகவே மேலேறி, மூட்டுக்குக் கீழே தாடை எலும்பு மெலிதாக இருக்கும் இடத்தை முறித்துவிடலாம், சிலருக்கு இரண்டு பக்கமும். முகவாய் கிழிந்து வரும் குழந்தைக்கு ரத்தத்தையும் தையலையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள், காதோரம் யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் நிறையவே ஆதங்கம் உண்டு. மூட்டருகே முறிந்தால் வாய் திறக்கும்போது தாடை முறிந்த பக்கமே சாயும், அதனால் உங்கள் பையனுக்கு வலது மூட்டின் மேல்தான் என் சந்தேகம்.

முதலில் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். தலையைச் சுற்றி இயந்திரம் சுழன்று வந்து, ஒரு மூட்டிலிருந்து மறு மூட்டு வரை ஒரே படத்தில் காட்டும், சில விநாடி ஆடாமல் நின்றால் போதும். கூடவே நேர் எதிரிலிருந்து இன்னொரு படமும் கேட்கலாம். ஒரு கோணத்தில் மறையும் முறிவு அடுத்த கோணத்தில் தெரியும் என்பதற்காகத்தான். அதிலும் தெளிவில்லை என்றால் சி.டி. ஸ்கேன்.

முறிவு என்றாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலும் குழைந்த சாப்பாடும், டாக்டர் சொல்லித்தரும் வாய் திறக்கும் பயிற்சியுமே போதும். ஆனால் கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகி வாயே திறக்காமல் போகலாம், அந்தப் பக்கத் தாடை வளராமல் முகம் கோணலாம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: பைக் விபத்தில் தாடையில் அடி. ஓ.பி.ஜி.யில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பல் முன்பு மாதிரி சேரவில்லை, கீழ் உதடு மரத்திருக்கிறது. சி.டி. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். தேவையா? கதிர்வீச்சு அதிகமாமே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தேவைதான், எடுத்துவிடுங்கள். ஓ.பி.ஜி.யில் முன்பல் பகுதியின் மேல் கழுத்தெலும்பின் நிழல் விழும், அங்கே உள்ள விரிசல் மறைந்துபோகலாம். மேல்தாடை, கன்ன எலும்புக்கு அந்தப் படம் போதவே போதாது. கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. அடிபட்ட பின் உதடு மரத்து, பல் சேரும் விதமும் மாறியிருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் நான் முறிவு என்றே நினைத்துத் தேடுவேன். ஓ.பி.ஜி.யின் கதிர்வீச்சு, இயற்கையாகவே நம் மேல் படுவதில் சில நாள் அளவுதான். சி.டி.யில் அதைவிட அதிகம், சரி, ஆனால் முறிவு கோணலாகக் கூடிவிட்டால் மறுபடி உடைத்துச் சேர்க்க நேரலாம். ஸ்கேன் எடுக்கும் வரை எதையும் கடித்துச் சாப்பிடாதீர்கள்.