ஆப்பிரிக்காவுக்கு எதற்கு ஸ்வெட்டர்?

தான்சானியாவின் தென்மேட்டு நிலத்தில் மூன்று வருடம் மிஷன் நர்ஸாக இருந்து ஊர் திரும்பிய கோத்தகிரி வாசகி ஒருவரின் அனுபவத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் அவரே பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் நர்ஸிங் முடித்திருக்கிறாள், வயது 22. ஆப்பிரிக்காவில் மிஷன் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு இரண்டு வருடம் போகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மனசாட்சி விடவில்லை. போ என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே ஒரு நாள் எப்படித்தான் போகும்? – ஒரு தாய், குன்னூர்

பதில்: அம்மா, 2012-ல் நான் கிளம்பியபோது எனக்கு வயது 24. என் அம்மாவும் இதே பாடுதான் பட்டார். ஆப்பிரிக்கா என்றதும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது வெயில். நான் பெட்டியில் வைத்த ஸ்வெட்டரை அம்மாவே எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் வேர்க்குருப் பவுடர் இரண்டு டப்பா வைத்தார். பாட்டி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, கோத்தகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அவர். "நாங்க கடல் தாண்டி வந்தோம், நீ கடல் தாண்டிப் போறே, போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன புத்திமதி.

நான் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை ந்ஜோம்பே என்று எழுத வேண்டும். நம் வாய்க்கு அது இஞ்சோம்பே. தார்-எஸ்-ஸலாமில் பஸ் ஏறினால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல். நெடுஞ்சாலை மிகுமி தேசியப் பூங்காவுக்குள்ளேயே போகிறது. ஜன்னலுக்கு வெளியே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நிற்கும். முதுமலை வழியாக மைசூர் பஸ்ஸில் போய்ப் பழகியவளுக்கு யானை புதிதில்லை. ஒட்டகச்சிவிங்கிதான் வாயைப் பிளக்க வைத்தது. அப்புறம் கிடோங்கா மலைப்பாதை. கல்லாறு தாண்டி பர்லியார் ஏறுகிற மாதிரியே வளைவுகள், அதே மாதிரி மூச்சு வாங்கும் லாரிகள்.

மேலே போனால் தேயிலை, உருளைக்கிழங்கு, சீகை (வாட்டில்) மரம், கற்பூர (யூகலிப்டஸ்) மரம். தெரியாத ஊருக்கு வந்திருக்கிறோமா, கோத்தகிரிக்குப் பக்கத்துக் கட்டபெட்டு ஸ்டாப்பில் இறங்கிவிட்டோமா என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனேன். மாதம் ஜூலை. நமக்கு டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூன், ஜூலையில் விழும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பெட்டி கட்டும்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பல் தந்தியடிக்க நின்றவளைப் பார்த்து ஆஸ்பத்திரி சமையல்கார அம்மா தன் போர்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். பவுடர் டப்பா இரண்டும் மூன்று வருடம் கழித்து உடைக்காமல் திரும்பி வந்தன.

சரி, ஒரு நாள். ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். மோட்டார் ஓடாத நாளில் குழாயடிக்கு இரண்டு குடம். ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூடி ஒரு பாட்டு, ஒரு ஜெபம். அப்புறம் வார்டு. நோயாளிக்குச் சாப்பாடு வீட்டார் சமைக்க வேண்டும் என்பதால் வளாகத்துக்குப் பின்னால் எப்போதும் பத்து அடுப்பு புகையும். மத்தியானம் பதிவேடு எழுதுவது, மாத்திரை எண்ணுவது. சாயங்காலம் துணி துவைப்பது, இருட்டியதும் மெழுகுவர்த்தியில் பாஷை படிப்பது. மிஷனெரி என்றால் மரத்தடியில் கூட்டத்தைக் கூட்டிப் பேசுபவர் என்று ஞாயிறு பள்ளிப் படங்களில் பார்த்திருப்போம். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் மரத்தடியில் பேசவில்லை. எண்ணிய மாத்திரைகளுக்குத்தான் கணக்கில்லை.

இன்னொன்று. அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலின் உரிமம் கைக்கு வராமல் ஒரு ஊசிகூடப் போடக் கூடாது. சான்றிதழ் ஒன்றை நான் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். அது தபாலில் வந்து சேர்ந்து, காகிதம் நகர்ந்து முடிய நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் கட்டுத்துணி மடித்தேன், பாட்டில் கழுவினேன், சமையல்கார அம்மாவுக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். பாஷை வந்தது அந்தச் சமையல்கட்டில்தான். மகளிடம் சொல்லுங்கள்: எல்லாச் சான்றிதழும் அசல், நகல் இரண்டும். மிஷனெரிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் அங்கே 'சி' வகை வசிப்பு அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. அனுப்புகிற சங்கம் அதை வாங்கித் தருமா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்தச் சங்கத்தோடு போகவே வேண்டாம்.

கேள்வி: சுவாஹிலி கற்பது கஷ்டமா? – கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: பாஷை கஷ்டமில்லை. எழுதியபடியே படிக்கலாம். சாய், சப்பாத்தி, பிலாவ், சம்பூசா என்று பாதிக் கடைத்தெரு நமக்கு முன்பே தெரியும். சந்தையில் ஒரு பாட்டி மஞ்சள் பொடியைக் காட்டி 'மஞ்ஜானோ' என்றபோது என் காதையே நம்ப முடியவில்லை.

என்னைக் கவிழ்த்தது கடிகாரம். அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. ஒன்பது மணி 'சா டாட்டு', மூன்று மணி. சபையின் பெண்கள் கூட்டம் 'சா டாட்டு'வுக்கு என்று சொன்னார்கள். நான் நல்ல பிள்ளையாகப் பிற்பகல் மூன்று மணிக்குப் பாமாலைப் புத்தகத்தோடு போய் நின்றேன். கோவில் பூட்டியிருந்தது, ஒரு ஆடு படியில் படுத்திருந்தது. இதைப் போனில் சொன்னபோது பாட்டிக்கு ஆச்சரியமே இல்லை. "நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதானே" என்றார்.

பாஷையைவிட மரியாதைதான் முதலில் வேண்டும். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகாமோ' சொல்ல வேண்டும், அவர்கள் 'மரஹபா' என்பார்கள். அதைச் சொல்லாமல் காய்ச்சல் எத்தனை நாளாக என்று ஆரம்பித்தால், பதில் வரும், முகம் வராது. வீட்டு வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' வந்த பிறகுதான் காலெடுத்து வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சொல் 'போலே'. யாராவது தடுக்கி விழுந்தால், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் 'போலே' என்பார்கள். தள்ளிவிட்டதற்கான மன்னிப்பு இல்லை அது. உனக்கு இப்படி ஆகிவிட்டதே என்கிற பரிவு. வேலை செய்பவரைப் பார்த்தால் 'போலே ந காஸி', பயணம் வந்தவருக்கு 'போலே ந சஃபாரி'. தமிழில் இதற்குச் சரியாக ஒரு வார்த்தை தேடி இன்னும் கிடைக்கவில்லை. இங்கே எங்கள் தெருவில் யாராவது வழுக்கினால் என் வாயில் இன்னும் அதுதான் வருகிறது. பைத்தியமா என்று பார்க்கிறார்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு? – ஒரு வாசகர், மஞ்சூர்

பதில்: சம்பளம் இல்லை. எங்கள் சபையில் நாற்பது குடும்பம் மாதாமாதம் ஐம்பதும் நூறும் போட்டு அனுப்பியது என் படிக்காசு. நாள்கூலியில் ஐம்பது ரூபாய் எடுத்து வைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதனால் அங்கே ஒரு சோடா வாங்கவே கை யோசிக்கும். அப்போது ஒரு ரூபாய்க்குச் சுமார் 30 ஷில்லிங். பணம் அனுப்ப, வாங்க எல்லாரிடமும் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை. பட்டன் போன் வைத்திருக்கும் கிழவி அதிலேயே முட்டைக் காசு வாங்கிக்கொள்வார். நம் ஊர்க் கடைகளில் கியூஆர் அட்டை வருவதற்குப் பல வருடம் முன்பே இதெல்லாம்.

கேள்வி: நேரடியாகக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எத்தனை பேரை மதம் மாற்றினீர்கள்? – ஒரு வாசகர், ஊட்டி

பதில்: ஒருவரையும் இல்லை. கோபமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

பெர்லின் மிஷன்காரர்கள் அந்தத் தென்மேட்டு நிலத்துக்கு வந்தது 1891-ல். நான் போவதற்கு 120 வருடம் முன்பே அங்கே சபை வேர்விட்டிருந்தது. நான்கு குரலில் பிரித்து அவர்கள் பாடுவதைக் கேட்டால் நம் பாடகர் குழு வெட்கப்பட வேண்டும். பெண்கள் கூட்டத்தில் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தியாவில் கிறிஸ்தவர்கள் உண்டா? உங்களுக்காக ஜெபிக்கவா?" என்று கேட்டார். அவர் பார்த்த இந்தியர்களெல்லாம் டவுனில் கடை வைத்திருந்த 'ம்ஹிண்டி'கள்தான். தன் துணியைத் தானே துவைக்கும் ம்ஹிண்டி என்று என்னைக் காட்டப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டி வந்தார். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார் என்ற நம் பாரம்பரியத்தைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஜெபித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

நம் மலையிலும் இப்படித்தான். பாசல் மிஷன்காரர்கள் கேத்திக்கு வந்தது 1846-ல், படகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858-ல். நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு முன்பு தெரியாது. இப்போது ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். பாஷையைத் தப்பாகப் பேசியிருப்பார்கள், ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள், குளிருக்குப் போர்வை கேட்டிருப்பார்கள்.

கேள்வி: சாப்பாடு? – இல்லத்தரசி, கொடநாடு

பதில்: உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவில் கிளறிய களி. உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையோ பீன்ஸோ அள்ளி வாயில் போட வேண்டும். ராகிக் களி தின்று வளர்ந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம்? 'ம்சிச்சா' என்பது நம் முளைக்கீரை மாதிரியே இருக்கும். 'டாகா' என்ற பொடிக் கருவாடு நெத்திலிக்குத் தம்பி.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் அங்கே மூங்கில் குருத்தைத் தினமும் சீவி, வடியும் சாற்றைப் பிடிப்பார்கள். 'உலன்ஸி' என்று பெயர். புதிதாக இருக்கையில் இனிக்கும். பதநீர் என்று நினைத்து ஒரு வீட்டில் இரண்டு டம்ளர் குடித்தேன். அது காலையில் இறக்கியது, நான் குடித்தது சாயங்காலம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஜெபத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கையாக முட்டை, பூசணி, கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். நமக்கு அறுப்பின் பண்டிகை வருடத்துக்கு ஒரு நாள், அவர்களுக்கு வாரா வாரம். ஒருவர் சேவல் ஒன்றை ஏலத்தில் எடுத்து எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். அறுக்க மனம் வரவில்லை. ஒன்றரை வருடம் அது என் சமையலறையில் தூங்கியது.

கேள்வி: அழுதீர்களா? – ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: வீட்டை நினைத்து அழுதது முதல் கிறிஸ்மஸ் அன்று மட்டும். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நம் வீட்டில் கேக் வெட்டி முடித்துத் தூங்கப் போன பிறகுதான் எனக்கு லைன் கிடைத்தது.

மற்றபடி அழுதது ஆஸ்பத்திரியில். 2011-12 கணக்கெடுப்பில் தான்சானியாவிலேயே எச்ஐவி அதிகம் இருந்த இடம் எங்கள் பகுதிதான், 14.8 சதவீதம். நான் எண்ணிய மாத்திரைகள் அதற்குத்தான். மாத்திரை இலவசம், ஆனால் வாங்க வருபவர் பாதி வழி நடந்து வர வேண்டும். ஒரு பாட்டி மாதாமாதம் பேரனைக் கூட்டி வருவார். பையன் பெயர் 'ஷிடா'. அப்படியென்றால் கஷ்டம். பிறந்த நேரத்தில் வீட்டில் என்ன இருந்ததோ அதைப் பெயராக வைத்துவிடுவார்கள். நம் ஊரில் பிச்சை, குப்பை, போதும்பொண்ணு என்று வைப்பதில்லையா? பதிவேட்டில் அவன் பெயரை எழுதும் ஒவ்வொரு மாதமும் என் பேனா ஒரு நொடி நிற்கும். பையனோ ஜம்மென்று இருந்தான். நான் கிளம்பும்போது என்னைவிட உயரம், பள்ளியில் கோல்கீப்பர். சேவலை அவனிடம்தான் விட்டுவிட்டு வந்தேன்.

கேள்வி: எங்கள் தம்பி மகன் அடுத்த ஜூனில் தான்சானியா போகிறான். என்ன கொடுத்து அனுப்பலாம்? – அத்தை, கேத்தி

பதில்: மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாம் அங்கே டவுன் கடையில் கிடைக்கும். பெருங்காயம் கொடுங்கள். ஊறுகாயை நன்றாகக் கட்டிக் கொடுங்கள். என்னுடையது பெட்டிக்குள்ளேயே உடைந்து, பைபிளில் நீதிமொழிகள் முழுக்க இன்றைக்கும் எலுமிச்சை வாசம் அடிக்கிறது. டார்ச், மழைக்கோட்டு, கனமான சாக்ஸ் நாலு ஜோடி. ஜூனில் போகிறான் என்றால் ஸ்வெட்டர் இரண்டு. ஒன்றைப் பெட்டியில் வையுங்கள், ஒன்றைக் கையில் கொடுங்கள். பவுடர் டப்பா வேண்டாம், அத்தை.