வேகம், நேரம், வரிசை: ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் கேள்வி பதில்

1997-ல் பிளேஸ்டேஷனில் வந்த, கட்டங்களில் ஆட்களை நகர்த்திச் சண்டையிடும் வீடியோ கேமான ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ், 2025 செப்டம்பர் 30 அன்று ‘தி இவாலிஸ் கிரானிக்கிள்ஸ்’ என்ற பெயரில் புதுப்பித்து வெளியானது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் இதை விளையாடுகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவர்): அண்ணே, வாங்கினால் உள்ளே கிளாசிக், என்ஹான்ஸ்டு என்று இரண்டு இருக்கிறதே. எதில் ஆரம்பிப்பது?

என்ஹான்ஸ்டில் ஆரம்பி தம்பி. வசனம் முழுக்கக் குரலோடு வருகிறது. மூல ஆட்டத்தை எழுதிய யசுமி மட்சுனோவே வசனத்தைத் திருத்தி, புதிதாகவும் சேர்த்திருக்கிறார். தானாகச் சேவ் ஆகும், காட்சியை வேகமாக ஓட்டலாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய உதவி, யாருக்குப் பிறகு யார் டர்ன் என்ற வரிசை திரையிலேயே எப்போதும் தெரிவது. அதன் அருமை அடுத்த பதிலில் புரியும்.

கிளாசிக் பழைய தோற்றத்தோடு, 2007-ல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி-க்கு வந்த பதிப்பின் ஆங்கில வசனத்தோடு வருகிறது. ஒன்றில் போட்ட சேவ் மற்றதில் திறக்காது. பாதியில் மாறலாம் என்று நினைத்து ஆரம்பிக்காதே.

கேள்வி (பள்ளத்தூர்): லெவல் ஏற்றிக்கொண்டே போகிறேன், ஆனாலும் எதிரிதான் முந்துகிறான். எங்கே தப்பு?

லெவலைப் பார்க்கிறீர்கள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திண்ணையில் ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு காய் நான், ஒரு காய் நீ என்று மாறி மாறிப் போகும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் சிடி என்ற ஒரு எண் உண்டு. ஆட்டத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் அவரவர் ஸ்பீட் அளவு அதில் கூடும். 100 தொட்டதும் டர்ன் கிடைக்கும். ஸ்பீட் 6 உள்ளவர் பூஜ்யத்திலிருந்து 100 தாண்ட 17 துடிப்பு ஆகும். ஸ்பீட் 8 என்றால் 13 போதும். வெறும் இரண்டு புள்ளி எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத இடம் இனிமேல்தான். நகர்ந்து, தாக்கவும் செய்தால் 100 முழுதும் கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80-தான் கழியும். இரண்டும் செய்யாமல் காத்திருந்தால் 60. ஆக, சும்மா நின்றவர் கையில் 40 மிச்சம் இருக்கும். ஸ்பீட் 6-லேயே 10 துடிப்பில் மறுபடி வந்துவிடுவார். எதிரி எட்டாத தூரத்தில் இருக்கும்போது ஓடிப்போய் அவன் முன்னால் நிற்பதுதான் தோற்பவர்களின் வழக்கம். நகராமல் காத்திருங்கள். அவன் நகர்ந்து சிடியைச் செலவழித்து வரட்டும், முதல் அடி உங்களுடையதாகும்.

உடையும் தொப்பியும் தேர்வு செய்யும்போது, உயிர்ப் புள்ளி சற்று கூடுவதைவிட ஸ்பீட் ஒன்று கூடுவது பெரும்பாலும் லாபம் என்பது என் தீர்மானமான கருத்து.

கேள்வி (தேவகோட்டை, பெண்): அண்ணா, என் பிளாக் மேஜ் (தாக்கும் மந்திரவாதி) போடும் நெருப்பு எதிரி நகர்ந்த பிறகு என் ஆள் மேலேயே விழுகிறது.

ஸ்பெல்லுக்கும் (மந்திரத்துக்கும்) அதே கடிகாரம்தான் தங்கச்சி. மூல ஆட்டத்தின் கணக்கில் சிறிய நெருப்பு ஸ்பெல்லான ஃபயர் விழ 4 துடிப்பு, அதைவிடப் பெரிய ஃபைரா 5, ஃபைராகா 7. அதற்குள் எதிரியின் டர்ன் வந்தால் அவன் இடம் மாறிவிடுவான். குறி வைக்கும்போது ஆளையா, கட்டத்தையா என்று ஆட்டம் கேட்கும். ஆளைக் குறித்தால் ஸ்பெல் அவனைத் தொடர்ந்து போகும். அவன் உங்கள் ஆள் பக்கத்தில் வந்து நின்றால் இருவருக்கும் எரியும். கட்டத்தைக் குறித்தால் அவன் போன பிறகு வெறும் தரைதான் எரியும். உறுதி செய்வதற்கு முன் வரிசையைப் பாருங்கள். எதிரியின் பெயருக்கு மேலே ஸ்பெல் இருந்தால் எதைக் குறித்தாலும் சரி. கீழே இருந்தால் சிறிய ஸ்பெல்லுக்கு இறங்கிவிடுங்கள். பெரிய ஸ்பெல் மேல் உள்ள மோகம்தான் பாதி மேஜ்களை வீணாக்குகிறது.

இன்னொன்று, ஃபெயித், அதாவது ஒவ்வொருவருக்கும் உள்ள நம்பிக்கை எண். போடுகிறவரின் ஃபெயித், வாங்குகிறவரின் ஃபெயித் இரண்டும் பெருக்கப்படும். 70-க்கு 70 என்றால் ஸ்பெல்லின் முழு பலத்தில் 49 சதவீதம்தான் இறங்கும். 40 ஃபெயித் உள்ள நைட் என்ற வாள்வீரருக்கு மந்திர அடி குறையும், உங்கள் வைத்திய மந்திரமும் அதே அளவு குறையும். அப்படிப்பட்ட ஆளுக்கு கெமிஸ்ட் எறியும் போஷன்தான் சரி. மருந்துக்கு ஃபெயித் கணக்கு இல்லை.

கேள்வி (அதே பெண்): அப்படியானால் ஃபெயித்தை 100-க்கு ஏற்றிவிடலாமா?

வேண்டாம். சண்டைக்குள் 4 புள்ளி ஏற்றினால் 1 புள்ளி நிரந்தரமாக நிற்கும். ஆனால் நிரந்தர ஃபெயித் 95 தொட்டால் அந்த ஆள் கடவுளைத் தேடிப் படையை விட்டே போய்விடுவார். 85-லிருந்தே எச்சரிக்கை வரும். மேஜை 84-ல் நிறுத்துங்கள். துணிச்சல் எண்ணான பிரேவ் 5-க்கு இறங்கினாலும் ஆள் போய்விடுவார். கதாநாயகன் ராம்சாவுக்கு மட்டும் இந்த ஆபத்து இல்லை.

கேள்வி (கோட்டையூர்): டார்ட்டர் ஊரிலேயே மாட்டிக்கொண்டேன்.

முதல் பெரிய சுவர் அது. கூரை மேல் நிற்கும் வில்லாளியைப் பார்த்து எல்லோரையும் தெருவில் ஓடவிட்டால் மேஜ்கள் ஒரே நெருப்பில் மூன்று பேரைப் பிடிப்பார்கள். ஆட்களைப் பிரித்து நிறுத்துங்கள். இரண்டு கெமிஸ்ட் கொண்டு போங்கள். கெமிஸ்ட் வேலையில் (வேலை என்றால் ஆட்டத்தில் ஒருவர் ஏற்கும் தொழில்) இருப்பவர் மருந்தை 4 கட்டம் எறிவார். வேறு வேலைக்காரருக்கு மருந்துத் திறனை மட்டும் மாட்டினால் பக்கத்துக் கட்டம்தான் எட்டும். எறியும் திறனைத் தனியாகக் கற்க வேண்டும். விழுந்தவருக்கு, அவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் போடத் தாமதிக்காதீர்கள். மூன்று என்ற எண் அவர் தலைக்கு மேல் குறைவது அவருடைய சொந்த டர்ன் கணக்கில்தான். வேகமான ஆள் விழுந்தால் வேகமாகவே நிரந்தரமாகப் போய்விடுவார்.

கேள்வி (புதுவயல்): ரியோவானஸ் கோட்டையில் வீக்ராஃபிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். வழி உண்டா?

உண்டு. இங்கே தொடர்ந்து பல சண்டைகள். நடுவில் ராம்சா தனியாக வீக்ராஃபோடு மோத வேண்டும், பிறகு அவனே பெலியாஸ் என்ற அசுரனாக மாறுவான். கிளாசிக்கில் நடுவே சேவ் செய்தால் வெளியே வர வழியில்லை. கோட்டைக்குள் நுழையும் முன் தனி சேவ் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். என்ஹான்ஸ்டில் சண்டைகளுக்கு நடுவே உலக வரைபடத்துக்குத் திரும்பலாம். புதுப்பித்ததில் எனக்கு மிகவும் பிடித்த நல்ல காரியம் இதுதான். எத்தனையோ பேருடைய ஆட்டம் இந்தக் கோட்டையோடு முடிந்திருக்கிறது.

சண்டை முறை: ராம்சாவுக்கு டெயில்விண்ட் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்பீட் 1 கூடும். எதிர்வினைத் திறனாக, அடி விழுந்ததும் தானே மருந்து எடுக்கும் ஆட்டோ போஷன் மாட்டுங்கள். பிரேவ் 70 என்றால் 70 சதவீத வாய்ப்பில் அது வேலை செய்யும். ராம்சாவின் ஸ்டீல் (Steel) திறனால் பிரேவை முன்பே ஏற்றிக்கொள்ளலாம். கிளாசிக்கில் ஆட்டோ போஷன் கையிருப்பில் உள்ள மலிவான மருந்தைத்தான் முதலில் எடுக்கும். அதனால் சாதா போஷனையும் ஹை போஷனையும் விற்றுவிட்டு எக்ஸ் போஷன் மட்டும் வைத்துப் போங்கள். முதல் சில டர்ன்களில் அடிக்கவே வேண்டாம், வேகத்தை மட்டும் ஏற்றுங்கள். அவன் ஒரு முறை அசைவதற்குள் நீங்கள் இரண்டு முறை அசையும் நிலை வந்த பிறகு தாக்குங்கள்.

அடுத்து மேல்தளச் சண்டை. நீங்கள் காக்க வேண்டிய ரஃபா தானே எதிரிகளிடம் ஓடுவாள். அவள் செத்தால் தோல்வி. வேகமான ஆட்களைப் போட்டு, கொலைகாரிகள் இருவரில் ஒருத்தியை மட்டும் எல்லோரும் சேர்ந்து குறிவையுங்கள்.

கேள்வி (குன்றக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): தம்பி, கதை என்ன மாதிரி? பேரன் கேட்கிறான், வயது பத்து.

இங்கிலாந்தின் ரோஜாப் போர்களைத் தழுவிய அரியணைச் சண்டை ஐயா. குழந்தை இளவரசனின் பெயரால் ஆளப்போவது யார் என்று இரண்டு பிரபுக்கள் மோதுகிறார்கள். துரோகமும் கொலையும் மதத்தின் பெயரால் நடக்கும் சூழ்ச்சியும் கதை முழுக்க உண்டு. ஆங்கிலமும் பழைய நடையில் கடினமாக இருக்கும். இரண்டு மூன்று வருடம் போகட்டும் என்பேன்.

கேள்வி (காரைக்குடி): பிஎஸ்பியில் இருந்த டார்க் நைட் வேலை, பால்தியர் என்ற ஆள் எல்லாம் எங்கே?

இல்லை. ஆனியன் நைட் வேலையும் லூசோ என்ற ஆளும் இல்லை. இரண்டு பதிப்பிலும் கிடையாது. மூலக் குறியீடு பாதுகாக்கப்படாமல் போனதால் ஆட்டத்தை அலசித் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மூலக் கதையை நோக்கித் திரும்பியதும் புரிகிறது. இருந்தாலும் முழு விலைக்கு விற்கும்போது டார்க் நைட்டையாவது சேர்த்திருக்க வேண்டும். இந்தக் குறையைச் சொல்கிறவர்கள் பக்கம்தான் நியாயம்.

கேள்வி (கானாடுகாத்தான்): புது வேலை எதையும் கற்க ஜேபி (வேலைத் திறன்களைக் கற்கச் செலவிடும் புள்ளி) போதவில்லை.

ஒருவர் செயல்படும்போது கூட இருப்பவர்களுக்கும் அவருடைய வேலையில் கால்பங்கு ஜேபி சேரும். ஒரே வேலையில் இரண்டு பேரை வைத்து முன்னே விடுங்கள், மற்றவர்களுக்கு அந்த வேலை பாதி கற்றதாக வந்து நிற்கும். தொடக்க வேலையான ஸ்குவயரின், ஜேபியைக் கூட்டித் தரும் ஜேபி பூஸ்ட்டை எல்லோருக்கும் முதலில் வாங்கி மாட்டுங்கள். எதிரி தொலைவில் இருக்கும் டர்னிலும் வெறுமனே நிற்காமல் ஃபோகஸ் போன்ற ஏதாவது ஒரு செயலைச் செய்தால் ஜேபி வரும். ஆனால் அதற்கு 80 சிடி கழியும் என்பதை மறக்காமல், சண்டை கையில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.