பெருமாளுக்கென்று நேரம் எங்கே?

வாசகி ஒருவர் எழுதியது: "எனக்கு வயது 52. தாம்பரத்தில் வீடு, கிண்டியில் அலுவலகம். மாமியார் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. மறதி நோய். நாள் தவறாமல் திருப்பாவை சொன்னவர், இப்போது என்னையே யார் என்று கேட்கிறார். காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரைக்குத்தான் உட்காருகிறேன். அப்போது மனசு எதிலும் நிற்பதில்லை. செல்போனைப் பார்த்தபடியே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது, பிறகு அழுகை வருகிறது. பெருமாளுக்கென்று நான் கொடுத்த பொழுது ஒன்றுமே இல்லை. எட்டு வருடத்தில் ஓய்வு பெற்றதும் ஆழ்வார்களின் பிரபந்தம் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதற்குள் எனக்கும் மாமியார் போல ஆகிவிட்டால்? பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து ஜபித்தால்தான் பலன் என்றும் சொல்கிறார்கள். வழி சொல்லுங்கள், ஸ்வாமி."

அம்மா, முதலில் அந்த அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாழ்வார்களில் ஒருவரான பொய்கையாழ்வார், "பழுதே பல பகலும் போயின என்று அஞ்சி அழுதேன்" என்று பாடியிருக்கிறார். ஆழ்வாரே அழுத அழுகை அது. ராத்திரி பத்தரை மணிக்கு உங்களுக்கு வருவதும் அதுவேதான். நாள் போனதே என்று நெஞ்சு பதறுவது பக்தி இல்லாததன் அடையாளம் அல்ல. பொழுதின் அருமை தெரிந்தவருக்குத்தான் அந்தப் பதற்றம் வரும். ஆழ்வார் அழுததோடு நிற்கவில்லை. அதே பாசுரத்தில் அடுத்து வருவது "அரவணைமேல் கண்டு தொழுதேன்". அழுகைக்கும் தொழுகைக்கும் நடுவில் அவர் எட்டு வருடம் விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என்ற எண்ணத்தைத்தான் நான் முதலில் கலைக்க விரும்புகிறேன். பல வருடமாகச் சந்தை முறையில் பிரபந்தம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் ஒரு அடி சொல்ல, எதிரில் இருப்பவர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். அறுபது வயதுக்குமேல் ஆவலோடு வருகிறவர்கள் நிறைய. ஆவலுக்குக் குறைவே இல்லை. ஆனால் நேற்று சொன்ன அடி இன்று நினைவில் நிற்காமல் அவர்கள் படும் வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களிலும், வேலைக்குப் போன காலத்தில் பத்துப் பாசுரமாவது வாயில் ஏற்றி வைத்திருந்தவர்கள் மட்டும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஓய்வுக் காலம் கையில் வரும்போது தனியாக வருவதில்லை. முழங்கால் வலியும் கண்புரையும் சேர்ந்தே வரும். பேரக்குழந்தைகள் வருவார்கள், வீட்டில் இன்னொருவர் படுக்கலாம். அப்போதும் நீங்கள் இதே கேள்வியை எழுதுவீர்கள், வயது மட்டும் அறுபது என்றிருக்கும்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் இதற்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். வேதம் சொல்லும் நூறு வயதும் ஒருவனுக்குக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம், "பாதியும் உறங்கிப் போகும்" என்று தொடங்குகிறார். மிச்சப் பாதியில் விவரம் அறியாத பிள்ளைப் பருவம் கழிகிறது, இளமை கழிகிறது, பிணி, பசி, மூப்பு, துன்பம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, "ஆதலால் பிறவி வேண்டேன்" என்று முடிக்கிறார். கழித்த பிறகு கையில் நிற்பது எவ்வளவு என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லும்படி ஒன்றும் நிற்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தக் கணக்கைப் போட்டவர் விப்ரநாராயணர் என்ற இயற்பெயரோடு ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வளர்த்துப் பெருமாளுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர், நடுவில் தேவதேவி என்ற கணிகையிடம் மயங்கி அந்தத் தொண்டை விட்டுவிட்டு, பெருமாள் அருளால் திரும்பி வந்தவர் என்கிறது ஆழ்வார், ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரை. நாளைத் தொலைத்தவர் போட்ட கணக்கு என்பதால்தான் அது இவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

உங்கள் முக்கால் மணி நேரத்தையும் அப்படியே கூட்டிப் பாருங்கள். நாளுக்கு 45 நிமிடம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 274 மணி நேரம், இரவும் பகலுமாக 11 முழு நாள்களுக்கு மேல். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பதினெட்டு மணி நேரம் ஓடிய உடம்பு விழுகிற இடம் அது. நேரமே இல்லை என்று நினைக்கிறீர்களே, அந்த ஒரு எண்ணத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி, ஒன்றுமே கொடுக்கவில்லை என்கிறீர்களே, அதுவும் சரியில்லை. பெருமாள் வழிபாட்டு முறையைச் சொல்லும் பாஞ்சராத்திர ஆகமத்தில் பஞ்சகாலம் என்று ஒரு வழி உண்டு. வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகன் பாஞ்சராத்ர ரக்ஷை என்ற நூலில் இதை விரிவாக நிலைநாட்டியிருக்கிறார். பகலும் இரவுமாக ஒரு நாளை ஐந்து பொழுதாக்கி, ஐந்தையும் பெருமாள் பணியாகவே வைத்தார்கள். விடியலில் அவனை அணுகி, இன்றைய நாள் உன்னுடையது என்று ஒப்படைப்பது அபிகமனம். அடுத்தது உபாதானம், அதாவது ஆராதனத்துக்கு வேண்டியதைச் சேகரிப்பது. பூப்பறிப்பது இதில் சேரும், அரிசி பருப்பு வாங்குவது சேரும், அதற்காக நேர்மையாகச் சம்பாதிப்பதும் சேரும். பிறகு இஜ்யை என்கிற ஆராதனம், பிற்பகலில் நல்ல நூலை ஓதும் ஸ்வாத்யாயம், கடைசியாக இரவில் அவனிடம் மனத்தை வைத்து உறங்கப்போகும் யோகம். இந்த ஐந்தில், சந்நிதியில் உட்கார்ந்து செய்யும் ஆராதனம் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் நாளை இதன்மேல் வைத்துப் பார்க்கலாம். கிண்டி அலுவலகத்தில் நீங்கள் இருக்கும் எட்டு மணி நேரம் பெருமாளிடமிருந்து திருடியது அல்ல, அது உபாதானம். காலையில் செய்யும் தளிகையை (சமையலை) அடுப்பிலிருந்து இறக்கியதும், யாரும் கை வைக்கும் முன், படத்தின்முன் ஒரு துளி துளசியோடு வைத்துக் கண்டருளப்பண்ணுங்கள், அதாவது பெருமாளுக்குப் படையுங்கள். இரண்டு நிமிடம் போதும். அதே சாதத்தைத்தானே குழைய மசித்து மாமியாருக்கு ஊட்டப் போகிறீர்கள்? அப்போது உங்கள் கையிலிருந்து அவர் வாய்க்குப் போவது பிரசாதம். மாமியாருக்குச் செய்வதையும் பெருமாளுக்குச் செய்வதையும் நீங்கள் இரண்டு கணக்காக எழுதி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஒரு பக்கம் எப்போதும் காலியாகத் தெரிகிறது.

பிரம்ம முகூர்த்தம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். சூரியோதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது பிரம்ம முகூர்த்தம். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4:24 முதல் 5:12 வரை. நீங்கள் நாலரைக்கு எழுகிறீர்கள்! இரவில் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் எழுந்திருப்பீர்கள். இதற்குமேல் தூக்கத்தை வெட்டி மூன்றரைக்கு எழுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். உடம்பு போனால் வீட்டில் இருவர் படுக்கையில் இருப்பீர்கள். கண் விழித்ததும் படுக்கையிலேயே ஏழு முறை "ஹரி" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். பெரியவர்கள் வைத்துப்போன வழக்கம் அது. ஆண்டாள் திருப்பாவையின் ஆறாம் பாசுரத்தில், முனிவர்களும் யோகிகளும் "மெள்ள எழுந்து அரியென்ற பேரரவம்" என்கிறாள். ஏன் மெள்ள? உள்ளத்தில் பள்ளிகொண்டிருப்பவனுக்கு அலுங்கிவிடக் கூடாதே என்று, கர்ப்பிணி எழுவதுபோல எழுவார்களாம். மாமியாரின் தூக்கம் கலையக் கூடாது என்று நீங்கள் விளக்கைப் போடாமல் எழுந்து போவீர்கள் இல்லையா, அந்த மெள்ளத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அபிகமனம் முடிந்தது.

ஓதுவதற்கு மின்ரயில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஏறத்தாழ ஒரு நாழிகைப் பயணம். மாதத்துக்கு ஒரு பாசுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரமே வேண்டாம். எட்டு அடிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் கையெழுத்திலேயே எழுதிப் பையில் வைத்திருங்கள். செல்போனில் வேண்டாம், அதைத் திறந்தால் வேறெங்கோ போய்விடும். முதல் வாரம் இரண்டு அடி, அடுத்த வாரம் இன்னும் இரண்டு. கூட்டத்தில் நிற்க இடமில்லாத நாளில் காகிதம் எதற்கு, வந்த மட்டும் வாய்க்குள்ளே சொல்லுங்கள். நீங்கள் ஓய்வு பெறும் வரை 96 மாதங்கள் இருக்கின்றன. திருப்பாவை 30, திருப்பள்ளியெழுச்சி 10, திருமாலை 45, மூன்றையும் கூட்டினால் 85. ஓய்வு பெற்ற பின் தொடங்கலாம் என்று நினைத்தவர் அந்த நாளில் கையில் வைத்திருக்கப்போவது எவ்வளவு என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாத வரி ஒன்று உண்டு. எனக்கும் மாமியார் போல ஆகிவிட்டால் என்று கேட்டீர்களே, அது. இந்தப் பயம் பெரியாழ்வாருக்கும் இருந்தது. "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன்" என்று அரங்கனிடம் வெளிப்படையாகவே சொல்கிறார். தளர்ச்சி வந்து அழுத்தும்போது உன் நினைப்பு எனக்கு வராது, அதனால் "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" என்கிறார். கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவருக்கே இல்லை. அறிவு தெளிவாக இருக்கும் இந்தப் பொழுதை, அறிவு மங்கப்போகும் அந்தப் பொழுதுக்காகவும் சேர்த்துச் செலவழித்துவிடுகிறார்.

அதற்குப் பெருமாளின் பதிலும் இருக்கிறது. வராக சரம சுலோகத்தில் பூமிப்பிராட்டிக்கு வராகப் பெருமாள் ஒரு வாக்குக் கொடுக்கிறான். மனம் நிலையாகவும் உடம்பு சரியாகவும் இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும், அவன் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் கடைசி வேளையில் நான் அவனை நினைக்கிறேன், நானே அவனை நற்கதிக்குக் கூட்டிப் போகிறேன் என்பது அந்த வாக்கு. அவன் கேட்பது நல்ல நிலையில் இருக்கும்போது ஒரு நினைவு. மற்றதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறான். உங்கள் மாமியார் நாள் தவறாமல் திருப்பாவை சொன்னவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தன் பங்கை எப்போதோ சொல்லி வைத்துவிட்டார், அம்மா. உங்களை யார் என்று கேட்பவரை, யார் என்று கேட்காத ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போன 52 வருடத்தை நினைத்து இனி மாய வேண்டாம். பாகவதத்தில் பரீட்சித்து மகாராஜாவுக்கு ஏழு நாள்தான் ஆயுள் என்றானபோது, சுக முனிவர் அவனுக்குக் கட்வாங்கன் கதையைச் சொல்கிறார். தனக்கு ஒரு முகூர்த்தமே மிச்சம் என்று அறிந்த அந்த அரசன், அந்த 48 நிமிடத்தில் எல்லாவற்றையும் விட்டு ஹரியைப் பற்றிக்கொண்டு கரையேறினான். உனக்கு ஏழு நாள் முழுதாக இருக்கிறதே என்று சுகர் தேற்றுகிறார். உங்களுக்கு இன்றைய ராத்திரி இருக்கிறது.

அந்த ராத்திரியைப் பற்றி ஒன்று. பத்தரை மணிக்குக் களைத்த மனசை ஜபத்தில் உட்கார வைக்க முயல வேண்டாம், அது நிற்காது, நிற்கவில்லையே என்று இன்னொரு வருத்தம் சேரும். செல்போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, போர்வையைச் சரிசெய்த பிறகு, அவர் காதருகே உட்கார்ந்து "மார்கழித் திங்கள்" பாசுரத்தை மெதுவாகச் சொல்லுங்கள். மார்கழி வரட்டும் என்று இருக்க வேண்டாம். பேர் மறந்தவர்களும் சிறுவயதில் மனப்பாடம் செய்த அடிகளைக் கூடவே சொல்வதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியாரின் உதடு அசையலாம், அசையாமலும் போகலாம். நீங்கள் அடி தவறினால் அவர் எடுத்துக் கொடுக்கிறாரா என்று மட்டும் கொஞ்சம் காத்திருந்து, அடுத்த அடிக்குப் போங்கள்.