கணக்கு என்றாலே பலருக்கும் ஏன் பயம்? பள்ளியில் படித்த கணிதம் அன்றாட வாழ்க்கையில் உண்மையிலேயே பயன்படுகிறதா?

இரண்டாவது கேள்விக்கு வழக்கமாக வரும் பதிலை முதலில் ஓரம் கட்டிவிடுகிறேன். கைபேசிக்குள் கணிதம், பாலத்துக்குள் கணிதம், வானிலை அறிக்கைக்குள் கணிதம், எங்கும் கணிதம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கையெல்லாம் நமக்காக வேறு யாரோ போட்டு முடித்துவிட்டார்கள். கணக்குக்குப் பயந்தவரிடம் போய் இதைச் சொன்னால், "சரி, அவங்களே போடட்டுமே" என்பார். அதில் என்ன தப்பு?

நான் செவிலியர் படிப்பில் மருந்தளவுக் கணக்கு நடத்துகிறேன். கணக்கிடமிருந்து ஒருவழியாகத் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வந்து உட்காருகிறவர்கள் என் வகுப்பில் நிறைய. "மேடம், கணக்கு வேண்டாம்னுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஒரு சாதாரணக் கணக்கு. 1000 மில்லிலிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். சலைன் ஏற்றும் குழாயான ஐவி செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். வகுத்தால் ஏறக்குறைய 42. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இதற்கு 417 என்று எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார்கள். 480-இல் ஒரு பூஜ்யம் எங்கேயோ நழுவியிருக்கும். நான் உடனே தப்பு என்று சொல்வதில்லை. "வா, 417 சொட்டு விட்டுக் காட்டு" என்று ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணத் தொடங்குவார்கள். நிமிடத்துக்கு 417 என்றால் நொடிக்கு ஏழு. வாயால் எண்ணி முடிக்கவே முடியாது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சிரிப்பு வந்துவிடும். "மேடம், இது 41-ஓ 42-ஓதான் இருக்கணும்." திரும்பக் கணக்குப் போடாமலே சொல்வார்கள்.

கவனியுங்கள், அப்படிச் சொல்லும் பெண்ணுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தாளில் எழுதும்போது அந்த எண் எதைப் பற்றியது என்பதே மனதில் இல்லை. சொட்டு கண்ணில் பட்டதும் வந்துவிட்டது.

இது என் வகுப்பில் மட்டும் நடக்கும் சங்கதி என்று நினைத்தால், பிரேசிலின் ரெசிஃபி நகரில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். டெரசின்யா கராகரும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் 1985-இல் வெளியிட்டது. தெருவில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய், இது எவ்வளவு, அது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கேட்டார்கள். 98 சதவீதத்துக்கும் மேல் சரியான விடை. பிறகு அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாக, பென்சிலும் தாளும் கொடுத்துக் கேட்டார்கள். சரியான விடை 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஐந்தே பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். ஆனால் அவர்களில் 12 வயதுப் பையன் ஒருவன் செய்ததைப் பாருங்கள். ஒன்று 35 என்றால் நான்கு எவ்வளவு? தெருவில் அவன் சொன்னது: மூன்று 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒன்று 35 ஆயிற்றே, அப்படியானால் 140. தாளில் 35-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னதும் அவன் செய்தது: நாலஞ்சு இருபது, 2 மீதி, அந்த 2-ஐ 3-உடன் கூட்டினால் 5, ஐநாலு இருபது, ஆக, 200. பள்ளியில் சொல்லிக்கொடுத்த படிகள் எல்லாம் இருக்கின்றன, வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. ஆனால் 200 என்ற விடை அவனுக்கு உறுத்தவே இல்லை. தெருவில் நான்கு பொருளுக்கு 200 என்று சொல்லியிருப்பானா?

என் துறையிலேயே இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. சீலியா ஹோய்ல்ஸ், ரிச்சர்ட் நாஸ், ஸ்டெஃபானோ போஸி மூவரும் பிரிட்டனில் குழந்தைகள் வார்டு செவிலியர்களைக் கூடவே இருந்து கவனித்து 2001-இல் எழுதிய கட்டுரை. படிக்கும்போது சொல்லிக்கொடுத்த சூத்திரம் அவர்கள் எல்லாருக்கும் தெரியும், கேட்டால் ஒப்பிக்கிறார்கள். வேலையில் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. மருந்துக்கு மருந்து தனித்தனிக் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள், விடையும் சரியாக வருகிறது. 100 மில்லிகிராம் மருந்து 2 மில்லியில் கரைந்திருக்கும் குப்பி என்றால், "இரட்டிப்பாக்கு, புள்ளியைத் தள்ளு" என்கிற மாதிரி: 120 வேண்டுமா, 240, ஆக 2.4 மில்லி. இது விகிதம்தான். ஆனால் அதைச் செய்கிற செவிலியரிடம் விகித சமம் தெரியுமா என்று கேட்டால், அதெல்லாம் பள்ளியோடு போச்சு என்று சொல்லக்கூடும். இதனால்தான் "அன்றாட வாழ்க்கையில் கணக்கு பயன்படுகிறதா" என்று கேட்டால் பலர் இல்லை என்கிறார்கள். தனக்கு வருகிற கணக்கை யாரும் கணக்கு என்று எண்ணுவதில்லை. வராததைத்தான் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். இது ஏதோ நாலு பேருடைய குறை இல்லை. 2012-இல் பிசா என்ற சர்வதேச மாணவர் தேர்வின்போது, அதை நடத்தும் ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளில் உள்ள 15 வயது மாணவர்களிடம் கேட்டதில், கணித வகுப்பு கஷ்டமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். கணக்கு போடும்போது கையாலாகாத மாதிரி உணர்வதாகச் சொன்னவர்கள் 30 சதவீதம்.

பயம் எப்படி வேலை செய்கிறது என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம். மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் செய்த சோதனை: சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே ஒரு கூட்டல் கணக்கைப் போடச் சொன்னார்கள். மீதி வைத்துக் கூட்ட வேண்டிய கணக்காக இருந்து, நினைவில் வைக்க வேண்டிய எழுத்துகளும் கூடுதலாக இருந்தால், கணக்குப் பயம் அதிகம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட ரொம்பவே தடுமாறினார்கள். காரணம் எளிது. இடைப்பட்ட எண்களைப் பிடித்து வைத்துக்கொள்ள மனதில் கொஞ்சம் இடம் வேண்டும். "தப்பாகிவிடுமோ" என்ற எண்ணம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயந்தவருக்குக் கணக்கு தெரியாது என்று முடிவு கட்டுவது எவ்வளவு அவசர முடிவு பாருங்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு. இயன் லையன்ஸும் சையன் பைலாக்கும், கணக்குப் பயம் உள்ளவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். வலி உணர்வோடு தொடர்புள்ள பகுதிகளில், கணக்கு வரப்போகிறது என்று காத்திருக்கும்போது செயல்பாடு கூடியது. கணக்கைப் போடும்போது அப்படி இல்லை. ஸ்டாண்டு பக்கம் போனதும் என் மாணவிகள் இயல்பாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எண்ணத் தொடங்கியவருக்குப் பயப்பட நேரமில்லை.

பயம் எங்கிருந்து தொற்றுகிறது? ஒரு பங்கு எங்களிடமிருந்து, அதாவது ஆசிரியர்களிடமிருந்து. பைலாக்கின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் உள்ள ஆசிரியைகளிடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு படித்த சிறுமிகள், ஆண்டு இறுதியில் "பையன்களுக்குத்தான் கணக்கு வரும்" என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கணக்கிலும் பின்தங்கினார்கள். பையன்களிடம் இந்த விளைவு இல்லை. இன்னொரு பங்கு, என் அனுபவத்தில், வேகம். யார் முதலில் கை தூக்குகிறார்கள் என்று போட்டி வைத்தே வகுப்பு நடத்தினால், யோசித்துப் போடுகிற பிள்ளை தன்னை மக்கு என்று முடிவு செய்துகொள்கிறது. மருந்தளவில் யாரும் முதலில் முடித்ததற்குப் பரிசு கொடுப்பதில்லை. இரண்டு தடவை பார்த்தாயா என்றுதான் கேட்பார்கள்.

சரி, குறுக்குவழியாலேயே எல்லாம் ஓடுகிறது என்றால் பள்ளிக் கணிதம் எதற்கு? பழக்கம் கைகொடுக்காத இடங்களுக்கு. முக்கியமாக, யாராவது ஓர் எண்ணை நீட்டி நம்மை ஒரு முடிவுக்குத் தள்ளும்போது. 1995-இல் பிரிட்டனில் நடந்ததை என் வகுப்பில் விடாமல் சொல்வேன். ஒரு புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. இரண்டு மடங்கு, அதாவது 100 சதவீதம் அதிகம்! பல பெண்கள் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்தினார்கள். உண்மையில் 7000 பேரில் ஒருவருக்கு இருந்தது, 7000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் இரத்தக்கட்டு அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இன்னொரு கொடுமை. இங்கே தேவைப்பட்டது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. "எதில் இரண்டு மடங்கு?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் எண்ணைக் கண்டதும் ஒதுங்கிப் பழகியவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கணக்குப் பயத்தால் வரும் பெரிய நஷ்டமாக நான் நினைப்பது இதைத்தான், தேர்வு மதிப்பெண்ணை அல்ல.

உயிர் போகாத உதாரணம் ஒன்று. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியை மாற்றி 12 ஓடும் வண்டி வாங்குகிறார் ஒருவர். இன்னொருவர் 30 ஓடுவதை மாற்றி 50 ஓடுவதை வாங்குகிறார். இருவரும் ஒரே தூரம் ஓட்டுகிறார்கள். யாருக்கு எரிபொருள் அதிகம் மிச்சம்? இரண்டாமவருக்குத்தான் என்று மனசு அடித்துச் சொல்லும். 100 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். முதலாமவருக்கு 10 லிட்டர் ஆனது சுமார் 8.3 ஆகிறது, மிச்சம் 1.7. இரண்டாமவருக்கு 3.3 ஆனது 2 ஆகிறது, மிச்சம் 1.3. மைலேஜ் என்ற எண் வகுத்தலில் கீழே உட்கார்ந்திருக்கிறது, அதனால் வரும் வினை. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள்.

மற்றபடி, முக்கோணவியலும் அணிகளும் எனக்கும் பள்ளியை விட்ட பிறகு தேவைப்படவில்லை. அதை மறைத்து, எல்லாமே பயன்படும் என்று சாதிப்பதால்தான் மாணவர்கள் நம்மை நம்புவதில்லை என்று தோன்றுகிறது. பயன் இருந்தால்தான் பிடிக்கும் என்றும் இல்லை. சின்னச் சொட்டாக விழும் ஐவி செட்டை மைக்ரோ செட் என்போம், அதில் 60 சொட்டு ஒரு மில்லி. மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மணிக்கு 40 மில்லி என்றால் நிமிடத்துக்கு 40. எல்லாரும் நிம்மதியாக மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள். ஒரு தடவை, கணக்கு வேண்டாமென்று வந்தவர்களில் ஒரு பெண், "அதெப்படி மேடம் அப்படியே வருது?" என்று கேட்டாள். நீயே எழுதிப் பார் என்றேன். மேலே 60 சொட்டு, கீழே 60 நிமிடம். "ஐயோ, 60-க்கு 60 அடிபட்டுப் போகுது!" என்று பக்கத்தில் இருந்தவளை உலுக்கினாள். வேலைக்கு அந்தக் காரணம் தேவையே இல்லை, மனப்பாடம் போதும்.

பெற்றோராக இருந்து இதைப் படித்தால் ஒரு சேதி. தங்களுக்கே கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்றார்கள் என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. அவ்வளவாக உதவாத பெற்றோரின் பயம் பிள்ளையைத் தொடவில்லை. ஆகவே உங்களுக்குப் பயமிருந்தால், வீட்டுப்பாட நேரத்தில் பக்கத்திலிருந்து பெருமூச்சு விடாமல், "நீ எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லிக்கொடு" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாதவருக்கு விளக்கும்போது பிள்ளை தன் கணக்கைத் தானே இன்னொரு தடவை பார்த்துவிடும். என் மாணவிகளை ஒருவருக்கொருவர் விளக்க விடுவதும் அதற்காகத்தான்.