மலை ஏறப்போகிறவர்களுக்கு: ஆச்சி பதில்கள்

பிரான்மலைக்கும் தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிறவள் என்பதால் கேள்விகள் எனக்கு வந்திருக்கின்றன. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

பள்ளத்தூர் வாசகி: ஆச்சி, வழியில் வெளிக்குப் போகவேண்டி வந்தால் என்ன செய்வது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதேம்மா, முதலில் கேட்கவேண்டியதே இதுதான். ஒரு களைக்கொத்து கையில் இருக்கட்டும். சுனை, ஊரணி, கண்மாயிலிருந்து 200 அடியாவது தள்ளிப்போய் அரை அடி ஆழம் தோண்டி, முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடு. ரொம்ப ஆழமாகவும் வேண்டாம், மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். ஈரத்துடைப்பான்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை இருக்கும், நாப்கினும் அப்படியே. இரண்டையும் புதைக்காமல் பையில் கட்டித் திரும்ப எடுத்துவந்துவிடு.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. நம் பக்கத்து வரத்துக்கால்கள், அதாவது ஊரணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வாய்க்கால்கள், வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடப்பதால், மறைவான பள்ளம் என்று அதில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐப்பசியில் மழை இறங்கினால் அங்கே கிடப்பது எல்லாம் நேரே ஊரணிக்குத்தான் போகும். வரத்துக்கால் எது என்று தெரியாவிட்டால் ஊர்க்காரரைக் கேட்டுக்கொள்.

திருப்பத்தூர் வாசகர்: பழத்தோலைப் போட்டால் மட்கிவிடும்தானே?

பிரான்மலைப் பாறைமேல் அது லேசில் மட்காது. குரங்கு எடுத்துத் தின்று, அப்புறம் உங்கள் பையையே பிடுங்கும். கொண்டுவந்துவிடுங்கள்.

தேவகோட்டை வாசகர்: ஊரணியில் சோப்பு கூடாது என்கிறார்கள், சரி. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இயற்கைதானே, அங்கே தேய்த்துக் குளித்தால் என்ன?

இயற்கைதான், ஆனால் தண்ணீருக்குள் கூடாது. அவை நுரைப்பது சபோனின் என்ற பொருளால். அது மீனின் செவுளைத் தாக்கும். சபோனின் உள்ள செடிகளைத் தட்டிப்போட்டு மீன் பிடிக்கிற பழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது.

அவரே மறுபடியும்: என் அப்பத்தா காலமெல்லாம் ஊரணியில் சீயக்காய் போட்டுத்தான் குளித்தார்கள். மீனும் இருந்தது. நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள்.

தம்பி, உங்கள் அப்பத்தா குளித்தது எந்த ஊரணியில் என்று கேட்டுப்பாருங்கள். குடிக்கிற ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு என்று பிரித்துவைத்த ஊர்கள் நம்முடையவை. குடிக்கிற ஊரணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். ஆறு என்றால் ஓடிக் கரைத்துவிடும். ஊரணி மழைத்தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற இடம், உள்ளே போனது வெளியே போக வழி கிடையாது. பங்குனியில் முழங்கால் அளவுக்கு வற்றிக்கிடக்கும்போது முப்பது பேர் இறங்கித் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

கண்டனூர் வாசகர்: அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுக் கழுவினால்கூடத் தப்பா?

சாம்பலும் காரம்தான். தேய்க்காதே என்று நான் சொல்லவில்லை, தண்ணீருக்குள் வைத்துத் தேய்க்காதே என்கிறேன். வாளியில் மொண்டு 200 அடி தள்ளிப்போய்க் கழுவி, சோற்றுப்பருக்கையை வடித்து எடுத்துக்கொண்டு மிச்சத் தண்ணீரை மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். மண்ணே வடிகட்டிக்கொள்ளும். அந்த இடமும் வரத்துக்காலாக இருக்கக்கூடாது!

தேவகோட்டை வாசகர்: வாளியைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது?

குளிக்கிறவர்தான் தம்பி.

புதுவயல் வாசகி: பேப்பர் கப்பும் பாக்குமட்டைத் தட்டும் கொண்டுபோகலாமா?

இதையே வேறு வேறு மாதிரி பலர் கேட்டுவிட்டீர்கள். பேப்பர் கப்பின் உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்குமட்டையானாலும் நடைபாதை ஓரத்தில் குவித்தால் குப்பைதான். வீட்டு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் பையில் வையுங்கள். அன்னதானப் பந்தலிலும் அதையே நீட்டுங்கள், ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

சிங்கம்புணரி வாசகர்: இரவில் தீ மூட்டி உட்கார ஆசை. அடிவாரத்தில் தடை உண்டா?

அனுமதி விஷயத்தை வனத்துறையிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால், வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். சமைக்க ஒரு சின்ன கேஸ் அடுப்பு போதும், அதையும் வெறும் பாறைமேல் வையுங்கள். கற்பூரம் ஏற்றுகிறவர்களும் அணைந்ததைத் தொட்டுப்பார்த்துவிட்டு நகருங்கள்.

காரைக்குடி வாசகர்: வேட்டங்குடியில் கண்மாய்க்கரையிலேயே கூடாரம் போட்டால் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கலாமே?

கூடவே கூடாது. 1977-லிருந்து சரணாலயம் அது. பறவை மிரண்டு எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் ஆளாகிவிடும். கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. நீங்கள் போய் அங்கே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? காலையில் போய் சத்தமில்லாமல் தூர நின்று பைனாகுலரில் பாருங்கள். தங்குவதைக் காரைக்குடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லாதவர்: எந்தக் கம்பெனிக் கூடாரம் நல்லது?

அது எனக்குத் தெரியாத விஷயம், விற்கிறவரைக் கேளுங்கள்.

கோட்டையூர் வாசகர்: காய்ந்த ஓடை மாதிரி சமதளமாக ஓர் இடம் இருக்கிறது, கூடாரம் போட வசதி...

அதுதான் ஐயா வரத்துக்கால். மேட்டுக்குப் போங்கள்.